ஒரு நாள் தூரம் – 14: தோணிக்கு அரைப்பேர்

பொதி சுமக்கும் தவளம் மாடுகளைச் சென்ற வாரம் உப்பு மூட்டைகளோடு மலையேற்றி விட்டாயிற்று. கோப்பி வண்டிகளின் கதை அதற்கும் முந்தியது. விட்டுப்போனவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். இந்த வாரத்துக்கென்று சொல்லிவைத்தது நீர்வழி. ஒரே ஆள், ஒரு தோணி, ஒரு துடுப்பு. விடியலில் கரையை விட்டுப் புறப்பட்டு, ஊரும் வீதியும் எட்டாத ஒரு காட்டுக்கரையில் அன்றிரவு கூடாரம் அடிக்க வேண்டும். அந்தக் கரை எவ்வளவு தொலைவில் இருக்கலாம்? இப்படிக் கேட்டால் எல்லோரும் முதலில் தங்கள் தோளைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் வலிக்கலாம், பகல் எத்தனை மணி நேரம், இரண்டையும் பெருக்கினால் விடை என்று முடித்துவிடுகிறார்கள். நம் பக்கத்து நீரில் இந்தக் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பிசகும் என்பதுதான் இந்த வாரத்து வாதம். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், ஒரு நாள் முழுவதையும் தோணிக்கு எழுதிக் கொடுத்தாலும் அதற்கு விழுவது அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைக்கான பதிவுதான். அரைப்பேர் போடுவது தோள் அல்ல, பிற்பகல். அந்தப் பிற்பகலை யார் யார் பறித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் இடம். பதுளையில் தோணியைப் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். நம் ஆறுகள் ஓடுவதைவிட விழுவதுதான் அதிகம். பதுளு ஓயா துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுகிறது. தியலும 220 மீற்றர். நாட்டின் மிக உயரமான பம்பரகந்த, 263 மீற்றர், அதுவும் நமது மாவட்டத்தில்தான். இந்த நீரில் தோணி விட நினைப்பவருக்கு நாள் தூரம் தேவைப்படாது. ஊவாவின் நீர் படுத்து உறங்கும் இடத்தைத் தேடிக் கிழக்கே இறங்க வேண்டும். பதுளைக்குக் கிழக்கே, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து மலைகளில் பிறக்கிறது கல்லோயா. அது கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்வதற்குமுன் இங்கினியாகலையில் ஓர் அணை அதை மறிக்கிறது. 1949இல் மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் வேலையைத் தொடங்கி, சில ஆண்டுகளில் முடித்துக் கொடுத்த அணை அது. பின்னால் தேங்கிய நீருக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். நிரம்பினால் சுமார் 95 கோடி கனமீற்றர் கொள்ளும். நாட்டின் நீர்த்தேக்கங்களில் ஆகப் பெரியது. அதைச் சுற்றியுள்ள காடு 1954இல் கல்லோயா தேசிய பூங்காவானது. 25,900 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தப் பூங்கா அம்பாறை, மொனராகலை மாவட்டங்கள் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. வேடர்களின் வேட்டை நிலங்கள் பல இந்த நீருக்கடியில் போயின. 1956 ஜூனில் இதே பள்ளத்தாக்கின் குடியேற்றங்களில் தமிழர்கள் கொல்லப்பட்டதும் இந்த அணையின் வரலாற்றோடு சேர்ந்ததுதான். அதைத் தனியாக, நிதானமாக எழுத வேண்டும். தூரக் கணக்கின் நடுவில் ஒரு வரியாகத் தள்ளிவிடக் கூடாது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மடுல்சீமையில் பெய்த மழை சமதளமாகக் கிடப்பதும், தோணியில் போய் இரவு தங்கும் அளவுக்குக் காடு மிச்சமிருப்பதும் ஒரே இடத்தில் என்றால் அது இந்தச் சமுத்திரம்தான்.

இனித் தோள். நின்ற நீரில், கூடாரமும் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிய தோணியை ஒருவர் தனியாக வலித்தால், நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீற்றர். வலுவான ஆள் இன்னும் வேகமாகப் போவார் என்பது நியாயமான மறுப்பு. போவார், ஆனால் எவ்வளவு? நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த எதிர்ப்பை மீறித் தள்ளச் செலவாகும் ஆற்றல் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. பத்து வீதம் வேகத்தைக் கூட்ட முப்பத்துமூன்று வீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டு மடங்கு வலுவுள்ள ஒரு பயில்வானைத் தோணியில் ஏற்றினாலும் வேகம் இருபத்தாறு வீதம்தான் கூடும். நான்கரை கிலோமீற்றர் ஐந்தே முக்கால் கூட ஆகாது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. தோணி வேகமெடுக்கும்போது தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அந்த எல்லையை நெருங்க நெருங்க மும்மடிக் கணக்கையும் தாண்டி உழைப்பு ஏறும். ஆகவே நாள் தூரத்தைத் திட்டமிடுகிறவர் தோளை ஒரு மாறிலியாக வைத்துக்கொள்வது நல்லது. மணிக்கு நான்கரை என்று எழுதிவிட்டு மறந்துவிடலாம். மாறுவதெல்லாம் மணிகளின் எண்ணிக்கைதான்.

மணிகளை எண்ணத் தொடங்கும்போதுதான் வெளிநாட்டுக் கையேடுகள் நம்மை ஏமாற்றுகின்றன. தோணிப் பயணக் கலையை நூலாக எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் கனடாக்காரரும் வட அமெரிக்கரும். அவர்களுடைய ஏரிகள் வட அகலாங்கு 45, 48 பாகைகளில் கிடக்கின்றன. ஜூனில் பதினைந்து, பதினாறு மணி நேரம் பகல். சூரியன் விழுந்த பின்னும் வெளிச்சம் நெடுநேரம் தங்கும். நாமோ ஏழாம் பாகையில் இருக்கிறோம். மார்கழியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சுமார் கால் மணி குறைவு, ஆனியில் சுமார் அரை மணி கூடுதல். ஆண்டு முழுக்க வித்தியாசம் அவ்வளவுதான். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது சொச்சம் நிமிடங்களில் கரையில் கட்டையும் முதலையும் ஒன்றாகிவிடும். மாலை ஏழு மணிக்குக் கரையேறிக் கூடாரம் அடிக்கலாம் என்று ஒன்டாரியோவில் எழுதப்பட்ட ஒரு வரி, கல்லோயாவில் அடி எடுத்து வைக்கத் தெரியாத இருட்டில் கொண்டுபோய் விடும்.

ஆனால் அதே கனடாவின் பழைய ஆட்கள் வேறொன்றைக் கற்பிக்கிறார்கள். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மொன்றியலிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குச் சரக்கும், அங்கிருந்து தோலும் சுமந்த வொயாஜர் என்னும் தோணிக்காரர்கள் தூரத்தை மைலில் சொல்லவில்லை, புகைக்குழாயில் சொன்னார்கள். ஏறக்குறைய மணிக்கொருமுறை துடுப்பை நிறுத்திக் குழாயைப் பற்றவைப்பார்கள். ஓர் ஏரி இத்தனை குழாய் நீளம் என்பதே அவர்கள் கணக்கு. (தபால் ஓட்டக்காரரின் மாற்று இடங்களைப் பற்றிய வாரத்தை வாசித்தவர்களுக்கு இது புதிதாக இராது.) பகல் அவ்வளவு நீளமாக இருந்தும் அவர்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து, காலை எட்டு மணி வரை வலித்துவிட்டுத்தான் முதல் உணவு உண்டார்கள். உலகத்தில் அவர்களைப்போல வலுவான தோள்கள் வேறு இருந்திருக்குமா என்பது சந்தேகம். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வலித்தவர்கள். அவர்களே விடியற்காலையைத் திருடி வைத்துக்கொண்டதற்குக் காரணம் காற்று. பெரிய ஏரியில் காற்று எழுந்துவிட்டால் கரையில் உட்கார்ந்து கிடப்பதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

நம் காற்றுக்குத் தோட்டத்து வாசகர்களிடம் அறிமுகம் தேவையில்லை. ஊவாத் தேயிலைக்குப் பேரும் விலையும் வாங்கிக் கொடுப்பதே அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் வறண்டு இறங்கும் காற்றில் கொழுந்து சுருங்கி, குளிர்ந்த வாசனை ஏறும். கொழும்பு ஏலத்தில் ஊவாவுக்குக் காத்திருப்பவர்கள் அந்த வாரங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அதே காற்று மலையை விட்டு இறங்கி, பிபிலையைத் தாண்டிச் சமவெளிக்குப் போகும்போது கிழக்குக்காரர் அதைக் கச்சான் என்கிறார்கள். சேனநாயக்க சமுத்திரத்தின் மேல் அது மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அணை கிழக்கே, காடு மேற்கே. இங்கினியாகலையிலிருந்து புறப்படுபவர் முழு வழியும் கச்சானுக்கு முகங்கொடுத்துத்தான் போக வேண்டும். நான்கரை கிலோமீற்றர் வேகத்தில் இரண்டைக் காற்று தின்றுவிட்டால் பதினெட்டு கிலோமீற்றருக்கு நான்கு மணி நேரம் அல்ல, ஏழு மணி நேரத்துக்கும் மேல். தனியாக வலிப்பவருக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. இளைப்பாறத் துடுப்பைக் கீழே வைத்த ஒவ்வொரு நிமிடமும் தோணி வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆனால் கச்சான் நாள் முழுக்க ஒரே மாதிரி வீசுவதில்லை; இதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையோடு படுத்துவிடுகிறது. மேலே காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் குளிர்ந்த அடுக்கின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கீழே இறங்காது. விடியலில் நீர் சலனமில்லாமல் கிடப்பது இதனால்தான். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று மேலெழுந்து மேற்காற்றைக் கீழே இழுத்து வருகிறது. முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு முதல் சுருக்கங்கள்; நண்பகலுக்குப் பின் வெள்ளை நுரை. அலையின் உயரம் காற்றின் வேகத்தால் மட்டும் வருவதல்ல. காற்று தடையின்றி ஓடும் திறந்த நீரின் நீளமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே கச்சான் காலத்தில் மேற்குக் கரையோரம் அமைதியாக இருக்கும்போது அணைப்பக்கம் கொந்தளிக்கும். காலையில் அணையிலிருந்து புறப்பட்டு மேற்கே போகிறவர், காற்று எழும் நேரத்தில் கரையின் மறைவுக்குள் நுழைந்திருப்பார். திரும்பி வருகிறவர் பிற்பகலில் வந்தால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அலை பெருத்துக்கொண்டே போகும்.

அப்படியானால் காற்று முதுகில் அடிக்கும் பருவத்தில் போகலாமே என்று கேட்கலாம். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது துணை நிற்கும். இந்த யோசனை கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது, ஆனால் தலைகீழானது. எதிர்க்காற்றில் போகிறவர் களைத்துப் போனால் காற்றே அவரைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பின்காற்றில் போகிறவர் தன் தோளுக்கு மிஞ்சிய தூரத்தைக் கடந்துவிட்டு, மறுநாள் அதே காற்றை எதிர்கொண்டு வலிக்க வேண்டும்; அப்போது உதவிக்கு யாரும் இல்லாத கரையில் நிற்பார். போதாததற்கு அது கிழக்கின் மழைக்காலம், சமுத்திரம் நிரம்பும் காலம். இடையிலுள்ள மாதங்கள்? பங்குனி, சித்திரையில் காற்று மெலிந்து, நீர்மட்டமும் உயர்ந்து, எல்லாம் கூடி வருவதுபோல் இருக்கும். பிற்பகலில் இடி வரும். திறந்த நீரின் நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதத் தலையைவிட உயரமான பொருள் சுற்றுவட்டத்தில் வேறில்லை என்பதை மின்னல் கவனிக்கத் தவறாது. ஐப்பசியிலும் அதே கதை. ஆக, எந்த மாதத்தைத் தேர்ந்தாலும் பிற்பகலைப் பூட்டுகிறவர் மட்டும்தான் மாறுகிறார்: ஆடியில் கச்சான், சித்திரையில் இடி, மார்கழியில் மழை.

இரவில் போகலாமே என்பது அடுத்த மறுப்பு. வொயாஜர்களும் இருட்டில்தானே புறப்பட்டார்கள். போயா நிலவில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் அந்த வொயாஜர்களின் ஏரிகளில் மூழ்கிய காடு இருக்கவில்லை. இங்கே 1950இன் மரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. நீர் இறங்கிய காலத்தில் அவற்றின் நுனிகள் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே காத்திருக்கும். தேசிய பூங்காக்களும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் வருவோருக்குத் திறந்திருக்கும். கைத்தொலைபேசி வரைபடம் வழிகாட்டாதா என்பவர்களுக்கும் இதே நீர்மட்டம்தான் பதில். வரைபடத்தில் நீலமாகத் தெரிவது நிரம்பிய சமுத்திரத்தின் கரை. மாசியில் அது ஏறக்குறைய சரியாக இருக்கலாம். ஆவணியில் வயல்களுக்கு நீர் விட்டு விட்டு மட்டம் இறங்கிய பின், நீலத்தின் ஓரத்தில் குறித்துவைத்த முகாம் நீரிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும். இடையில் சேறும், அதன்மேல் முளைத்த இளம்புல்லும். அந்தப் புல்லுக்காக வருகிறவர்களைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். இந்த வாரம் முழுவதையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

யானைக்குப் பயந்தால் தீவில் தங்கு என்பது இந்தச் சமுத்திரத்தைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை. நீர் ஏறியபோது மூழ்காமல் தப்பிய குன்றுகள் இங்கே தீவுகளாக நிற்கின்றன. நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த இடம் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்புதான். கல்லோயாவைப் பற்றி வெளியுலகம் அறிந்த ஒரே செய்தியோ அங்கே யானைகள் தீவுக்குத் தீவு நீந்துகின்றன என்பது. எவ்வளவு தூரம் நீந்தும்? விலங்குகள் தீவுகளை எப்படி அடைந்தன என்று ஆராய்ந்த டொனால்ட் ஜோன்சன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1980இல் யானை நீச்சல் பற்றிய பதிவுகளைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் காட்டும் உச்ச தூரம் 48 கிலோமீற்றர். வேகம் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வரை. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பதினெட்டு மணி நேர நீச்சல். இந்தத் தொடரில் இதுவரை வந்த மாடு, வண்டி, ஓட்டக்காரர் எல்லோரையும் யானை நீரில் வைத்தே தோற்கடித்துவிடும் போலிருக்கிறது. நம் நாட்டிலேயே 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி ஆழ்கடலில் ஒரு யானை தும்பிக்கையை மட்டும் உயர்த்திக்கொண்டு மிதப்பதைக் கடற்படையினர் கண்டு, சுழியோடிகளை இறக்கி, கயிறு கட்டி, மணிக்கணக்கில் பாடுபட்டுக் கரைசேர்த்தார்கள். இரண்டு வாரம் கழியுமுன் திருகோணமலைப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சு வாங்குவது சுலபமான காரியம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மீற்றர் ஆழத்தில் உடல் இருக்க, ஒரு குழாய் வழியே மேற்காற்றைச் சுவாசிக்க நாம் முயன்றால் செத்துப்போவோம். வெளியே நீர் உடலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் இரத்தத்திலும் ஏறுகிறது. நுரையீரலுக்குள்ளோ மேற்பரப்புக் காற்றின் அழுத்தம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 150 மில்லிமீற்றர் இரசம். நுரையீரலுக்கும் மார்புக்கூட்டுக்கும் நடுவே, மெல்லிய சவ்வுகளுக்கிடையில் ஒரு நூலிழை இடைவெளி நம் எல்லோருக்கும் உண்டு. அந்தச் சவ்வுகளிலுள்ள நுண்குழாய்கள் இந்த வித்தியாசத்தைத் தாங்காமல் வெடித்துவிடும். யானைக்கு அந்த இடைவெளியே இல்லை. அங்கே இணைப்புத்திசு நிறைந்து, நுரையீரல் மார்புக்கூட்டோடு ஒட்டியே இருக்கிறது. பாலூட்டிகளில் இப்படி அமைந்தது யானை ஒன்றுதான். இதை முதலில் கண்டவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. 1681 ஜூன் 17ஆம் திகதி டப்ளின் நகரில், காட்சிக்குக் கொண்டுவந்திருந்த யானை ஒன்று கொட்டகையில் தீப்பிடித்து இறந்தது. கூடிய சனம் ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்துப் போகத் துடிக்க, அலன் மல்லன் என்ற மருத்துவர் அவசர அவசரமாக அறுத்துப் பார்த்து எழுதிய அறிக்கை இன்றும் கிடைக்கிறது. அதற்குப் பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் உடற்கூற்றியலாளர்கள் இந்த ஒட்டிய நுரையீரலை ஒரு விநோதமாக மட்டும் குறித்துவைத்தார்கள், காரணம் சொல்லவில்லை. நீந்துவதற்காக என்று 2000களின் தொடக்கத்தில் விடை சொன்னவர் ஜோன் வெஸ்ட். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர். 1981இல் எவரெஸ்டுக்கு மருத்துவ ஆய்வுக் குழுவை அழைத்துச் சென்று, காற்று மெலிந்த உயரத்தில் மனிதன் எப்படிச் சுவாசிக்கிறான் என்று அளந்தவர். சிகரத்தின் மூச்சைத் தேடிய மனிதர் கடைசியில் நீருக்கடியிலுள்ள யானையின் மூச்சுக்கு வந்து சேர்ந்ததில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மன்னார்க் கடலின் கடற்பசு யானைக்கு உறவு என்பதை நினைத்துப் பார்த்தால் விடை இன்னும் பொருந்துகிறது.

இதற்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் நேரடியானது. யானைக்குத் தீவு என்பது வேலியிட்ட இடம் அல்ல, மேய்ச்சல் மிச்சமிருக்கும் இடம். கரையில் படுத்தவருக்கு யானை வந்தால் பின்வாங்க நிலம் இருக்கும். தீவில் படுத்தவருக்குப் பின்னால் நீர், அந்த நீரில் முதலை. நாட்டில் அண்மைய ஆண்டுகளில் யானை தாக்கி ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும், மனிதர் கையால் அதைவிட இருமடங்குக்கும் மேல் யானைகளும் சாகும் நிலையில் இதை வெறும் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. வெயில் தணிந்ததும் யானைகள் காட்டை விட்டு நீர்க்கரைக்கு வரும். பூங்காவின் படகுச் சவாரிகள் அதிகாலையிலும் பின்னேரத்திலும் நடப்பது அதனால்தான். ஆகவே தனியே வருகிறவர் பிற்பகல் மூன்றரைக்குள் கரையேறி, தடம், சாணம், ஒடிந்த கிளை பார்த்து இடம் சரிதானா என்று முடிவு செய்து, சரியில்லை என்றால் அடுத்த கரைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் கையில் வைத்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் நீர் மீண்டும் சலனமற்றுப் போவது உண்மை, அழகான நேரம். அந்த நேரம் ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தது.

இப்போது கூட்டிக் கழிக்கலாம். தோளின் கணக்குப்படி பன்னிரண்டு மணிப் பகலில் ஓய்வு போக ஒன்பது மணி நேரம் வலித்தால் நாற்பது கிலோமீற்றர். இடத்தின் கணக்குப்படி ஆறு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்று வரை ஐந்து மணி நேரம், ஓய்வு போக நான்கு, பதினெட்டு கிலோமீற்றர். பாதிக்கும் குறைவு. மிஞ்சிய பிற்பகல் வீணாகாது, அது வைப்பு. காலையில் தோணி கட்டையில் ஏறி நின்றாலோ, கச்சான் ஒன்பதுக்கே எழுந்துவிட்டாலோ, கரையோரம் ஒதுங்கிக் காத்திருந்து மூன்று மணிக்குமுன் மிச்சத்தை முடிக்க அந்த வைப்பிலிருந்து எடுக்கலாம். அதையும் தூரத்தில் போட்டுவிட்டவருக்கு எடுக்க ஒன்றும் இராது. இது அளவுக்கு மிஞ்சிய பயம் என்று நினைப்பவர்கள் நம் குளங்களில் திலாப்பியா பிடிப்பவர்களைப் பார்க்கலாம். 1952இல் அந்த மீன் நாட்டுக்கு வந்ததிலிருந்து வளர்ந்த தொழில் அது. அவர்கள் தோணியும் சிறியதுதான், ஒன்றிரண்டு பேர்தான். மாலையில் வலை போட்டுவிட்டு விடியலில் எடுப்பார்கள். நடுப்பகல் நீரை வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவார்கள். மலைகளின் மேல் கண்டி ஹந்தானையிலிருந்து ஊவாவைச் சுற்றி நுவரெலியா வரை போகும் பெக்கோ நடைபாதையும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், 22 பகுதிகள். சராசரியாக ஒரு நாளுக்குப் பதினான்கு கிலோமீற்றர்தான், அதுவும் நல்ல தோட்டத்துப் பாதையில்.

தனியாகப் போவதே தவறல்லவா என்ற மறுப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதில் பாதி சரி. தேசிய பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் யாரும் இரவு தங்க முடியாது. அவர்கள் காட்டும் இடத்தில்தான் தங்க வேண்டும். அலுவலர் ஒருவர் உடன் வர வேண்டும் என்றால் அவரும் வருவார். திட்டத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க முடியும். மேலே சொன்ன மணிக் கணக்குகள் எல்லாம் அந்த வரிக்குக் கீழேதான். ஆனால் உடன் ஆள் வந்தாலும், ஒரு தோணியை ஒருவர் வலிக்கும்போது கணக்கு மாறாது. ஒருவர் மட்டும் ஏறினால் தோணியே வேறாகிறது. பின்பக்கக் கடையாரில் அவர் உட்கார்ந்தால் முன்பக்க அணியம் நீரை விட்டு எழும். எழுந்த அணியத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளித் திருப்பிக்கொண்டே இருக்கும், வலிக்கும் வலிப்பில் பாதி தோணியை நேராக்கவே போகும். தண்ணீர்க் கலன்களை அணியத்தில் கட்டிவிட்டால் பெருமளவு தீரும். எதிர்க்காற்றில் முன்பாரம் சற்றுக் கூட இருக்கலாம், பின்காற்றில் குறைய வேண்டும். போகும் வழி, தங்கும் இடம், இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்கு என்ற குறிப்பு, மூன்றையும் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அந்த மணியைத் தோளின் கணக்கில் எழுதினால், இருட்டும்வரை யாரும் தேடத் தொடங்கமாட்டார்கள்.

கூடாரத்தை எங்கே, எந்தத் திசை பார்த்து அடிப்பது என்று இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தது. அந்த இடத்தை டப்ளின் யானை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் கரையேறி, மேற்கே நில்கலைப் பக்கத்துப் புல்வெளிக்காட்டுக்குப் போவோம். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் ஒன்றாகக் காடாய் நிற்கும் இடம் அது; திரிபலாச் சூரணத்தைப் போத்தலில் மட்டும் பார்த்தவர்கள் மரமாகவும் பார்க்கலாம். அந்த மரங்களின் அடியில் ஏன் படுக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கலாம்.